அமெரிக்காவுல காலேஜுக்கு ஃபைனான்ஷியல் எய்ட்: அப்ளை பண்றதுலேர்ந்து நாலு வருஷமும் கைநழுவாம வச்சுக்கிறது வரைக்கும்

பையனோ பொண்ணோ பன்னெண்டாவது வந்ததும் நம்ம வீடுகள்ல ஒரு முடிவு யாரும் பேசாமலே எடுத்தாச்சுன்னு ஆயிடுது, "நமக்கு ரெண்டு சம்பளம், எய்ட்லாம் எங்க கிடைக்கப் போகுது, எதுக்கு ஃபார்ம் போட்டுக்கிட்டு". அப்புறம் ஏப்ரல்ல ஃபீஸ் எவ்ளோன்னு பாத்துட்டு ராத்திரி தூக்கம் போயிடுது, அதுக்குள்ள பாதி தேதி முடிஞ்சிருக்கும். எச்1பி-ல இருக்கவங்க இன்னும் ஒரு படி மேல, நம்ம விசாவுக்கு இதெல்லாம் கிடையாதுன்னு நெனச்சு அந்தப் பக்கமே போறதில்ல. ரெண்டுமே தப்பு. அதே மாதிரி, ஒரு தடவை கிடைச்சா நாலு வருஷத்துக்கும் வந்துக்கிட்டே இருக்கும்னு நெனக்கிறதும் தப்பு, அதனாலதான் இந்த வழிகாட்டியோட கடைசிப் பகுதில கிடைச்ச எய்டை எப்படி விடாம புடிச்சுக்கிறதுன்னு எழுதியிருக்கேன்.

யாருக்கு கிடைக்கும், முதல்ல அதைத் தீர்த்துக்கலாம்

ஃபெடரல் எய்டுக்கு பாக்குறது பிள்ளையோட ஸ்டேட்டஸ்தான், அப்பா அம்மாவோடது இல்ல. பிள்ளை அமெரிக்கால பொறந்த சிட்டிசன், நீங்க எச்1பி, இன்னும் கிரீன் கார்டு வரிசையிலேயே நிக்கிறீங்க, பரவால்ல, பிள்ளை தாராளமா அப்ளை பண்ணலாம். பிள்ளைக்கு கிரீன் கார்டு இருந்தாலும் அதேதான். அப்பா அம்மா ரெண்டு பேர்ல யாருக்குமே சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லன்னாலும்கூட எய்ட் ஃபார்ம் போடுற தளத்துல இப்போ அக்கவுண்ட் திறக்க வழி இருக்கு.

எச்4 (எச்1பி-காரங்களோட குடும்ப விசா), எஃப்1 (ஸ்டூடண்ட் விசா) இதுல இருக்க பிள்ளைங்களுக்கு ஃபெடரல் எய்ட் கிடையாது, இது கசப்பான உண்மை. ஆனா கதவு மொத்தமா சாத்தல. பல மாநிலங்கள்ல அங்கேயே குடியிருக்க எச்4 பசங்களுக்கு இன்-ஸ்டேட் ட்யூஷன், அதாவது அந்த மாநிலத்துக்காரங்களுக்கான குறைஞ்ச ஃபீஸ், குடுக்குறாங்க, காலேஜோட ரெசிடென்சி ஆபீஸ்ல எழுத்துல கேட்டு பதிலை வாங்கி வச்சுக்கோங்க. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி மாதிரி சில இடங்கள்ல எந்த நாட்டு பாஸ்போர்ட்டா இருந்தாலும் அட்மிஷன் குடுக்கும்போது பணம் இருக்கான்னு பாக்குறதில்ல, எய்டும் தேவைக்கு ஏத்த மாதிரி காலேஜோட சொந்தக் காசுல குடுக்குறாங்க. இன்னொண்ணு, 21 வயசு ஆனா எச்4 போயிடும், படிப்பு நடுவுல அது வருமான்னு இப்பவே கணக்கு போட்டு லாயர்கிட்ட பேசிடுங்க.

எந்த வருஷத்து வருமானத்தை பாக்குறாங்க

இது தெரியாமதான் நிறைய பேருக்கு நஷ்டம். காலேஜ் சேர்ற வருஷத்து டாக்ஸ் இல்ல, ரெண்டு வருஷம் முன்னாடி உள்ளது. 2026-27 படிப்பு வருஷத்துக்கு 2024 டாக்ஸ் ரிட்டர்ன், 2027-28க்கு 2025. ஸ்கூல் கணக்குல சொன்னா, பிள்ளை பத்தாவது படிக்கிற ஜனவரில ஆரம்பிச்சு பதினொண்ணாவது படிக்கிற டிசம்பர்ல முடியுற அந்த ஒரு வருஷம்தான் முதல் அப்ளிகேஷனுக்கு அடிப்படை. அந்த வருஷத்துல ஸ்டாக்கை வித்து பெரிய கேப்பிடல் கெயின் காட்டினா, ரோத் கன்வர்ஷன் (ரிட்டயர்மெண்ட் காசை டாக்ஸ் கட்டி ரோத் கணக்குக்கு மாத்துறது) பண்ணா, வருமானம் அப்படியே ஏறித் தெரியும். ஊர்ல நிலம் விக்கிறதா இருந்தாலும் அது இங்க டாக்ஸ்ல வரும்ங்கிறத மறக்காதீங்க. முடிஞ்சா அதுக்கு முன்னாடி வருஷமே வித்துடுங்க. பிள்ளை இப்போ எட்டாவது ஒன்பதாவதுன்னா இந்த ஒரு பத்திக்காகவாவது இதை சேவ் பண்ணி வச்சுக்கோங்க.

சொத்துக் கணக்குல எது வரும் எது வராது

ஃபாஃப்ஸால, அதான் ஃபெடரல் எய்டுக்கான ஃபார்ம், நீங்க குடியிருக்க வீட்டோட மதிப்பு கேக்க மாட்டாங்க. 401கே, ஐஆர்ஏ மாதிரி ரிட்டயர்மெண்ட் கணக்கும் வேண்டாம். பேங்க்ல இருக்க காசு, ஸ்டாக், மியூச்சுவல் ஃபண்ட், ரெண்டாவது வீடு, காலேஜ் செலவுக்காக சேர்க்கிற 529 கணக்கு இதெல்லாம் போடணும். நம்ம ஊர்ல இருக்க ஃபிளாட், மனை, எஃப்டி, என்ஆர்இ கணக்கு இதெல்லாமும் உங்க பேர்ல இருந்தா போடணும், வெளிநாட்ல இருக்குன்னு விட்டுட முடியாது. "அவங்களுக்கு எப்படி தெரியும்"னு பேசுறவங்க பேச்சைக் கேக்காதீங்க, இது ஃபெடரல் ஃபார்ம், பொய் சொன்னா ஃபைன், ஜெயில் ரெண்டுமே உண்டு, போதாக்குறைக்கு கிரீன் கார்டு வரிசையில நிக்கிற குடும்பத்துக்கு அந்த ரிஸ்க் தேவையே இல்ல.

பெத்தவங்க பேர்ல இருக்க சொத்துல அதிகபட்சம் 5.64% தான் கணக்குல எடுப்பாங்க, பிள்ளை பேர்ல இருந்தா 20%. அதாவது 10,000 டாலர் உங்க பேர்ல இருந்தா கூடிப்போனா 564 டாலர் நீங்க கட்ட முடியும்னு கணக்கு வரும், அதே காசு பிள்ளை பேர்ல கஸ்டோடியல் அக்கவுண்ட்ல இருந்தா 2,000 டாலர். பாசத்துல பிள்ளை பேர்ல போட்டு வச்சவங்க இதை கவனிங்க. 529 பிள்ளைக்காக போட்டதா இருந்தாலும் பெத்தவங்க சொத்தாதான் எண்ணுவாங்க, அது நல்லது. தாத்தா பாட்டி பேர்ல இருக்க 529லேர்ந்து ஃபீஸ் கட்டினாலும் இப்போ ஃபாஃப்ஸால கணக்கு கிடையாது.

சொத்து மதிப்பு எல்லாமே நீங்க ஃபார்ம் சப்மிட் பண்ற அன்னிக்கு உள்ளது. எப்படியும் கட்ட வேண்டிய கிரெடிட் கார்டு, கார் ரிப்பேர், ப்ராப்பர்ட்டி டாக்ஸ் இதையெல்லாம் முன்னாடியே கட்டிட்டு உக்காருங்க. வருமானம் 60,000 டாலருக்குக் கீழ இருந்து டாக்ஸும் சிம்பிளா இருந்தா சொத்தே கேக்க மாட்டாங்க.

ஃபாஃப்ஸா போடுறது

ஃபார்ம் முழுக்க இலவசம். ஸ்டூடண்ட்எய்ட் டாட் கவ்ங்கிற அரசாங்க தளம் ஒண்ணுதான், காசு கேக்குற எந்த சைட்டுக்குள்ளயும் போகாதீங்க. வழக்கமா அக்டோபர் 1 திறக்கும். ஃபெடரல் கடைசி தேதி அந்தப் படிப்பு வருஷம் முடியுற ஜூன் 30, ஆனா அதை நம்பி உக்காராதீங்க, மாநிலமும் காலேஜும் ரொம்ப முன்னாடியே முடிச்சுடுவாங்க. கலிஃபோர்னியால கால் கிராண்ட்டுக்கு, அதாவது மாநிலம் குடுக்குற உதவித்தொகைக்கு, மார்ச் 2. சில காலேஜ்ல எர்லி டிசிஷன் (கிடைச்சா கட்டாயம் சேர்றேன்னு முன்னாடியே அப்ளை பண்றது) போடுறவங்களுக்கு நவம்பர்லயே வேணும். ஒரு பேப்பர் எடுத்து ஒவ்வொரு காலேஜ் பேருக்கு நேரா அவங்க எய்ட் தேதியை எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிடுங்க, அட்மிஷன் தேதியும் எய்ட் தேதியும் ஒண்ணா இருக்காது.

முதல்ல அக்கவுண்ட். பிள்ளைக்கு ஒண்ணு, பெத்தவருக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் வேற வேற ஈமெயில், வேற வேற போன் நம்பர். இதை செப்டம்பர்லயே முடிச்சுடுங்க, ஏன்னா பேரும் பிறந்த தேதியும் சோஷியல் செக்யூரிட்டி கார்டுல இருக்கறதோட ஒத்துப் போகலன்னா அங்கேயே மாட்டிக்கும். நம்ம பேர் விஷயம் உங்களுக்கே தெரியும், இனிஷியல் விரிஞ்சு லாஸ்ட் நேமா போயிருக்கும், பாஸ்போர்ட்ல ஒண்ணு கார்டுல ஒண்ணு இருக்கும். கார்டை கையில வச்சுக்கிட்டு அதுல உள்ளபடி எழுத்துக்கு எழுத்து டைப் பண்ணுங்க.

அப்புறம் பிள்ளை தன்னோட லாகின்ல ஃபார்மை ஆரம்பிக்கணும், நீங்க அவங்க லாகின்ல போய் பண்ணாதீங்க. பிள்ளை அங்கேயிருந்து உங்களை கான்ட்ரிபியூட்டரா இன்வைட் பண்ணும், நீங்க உங்க லாகின்ல போய் உங்க பக்கத்தை முடிக்கணும். கணவன் மனைவி சேர்ந்து டாக்ஸ் ஃபைல் பண்ணியிருந்தா ஒருத்தர் போதும். பிரிஞ்சு வாழ்றவங்கன்னா, பிள்ளைக்கு யார் அதிகமா செலவு பண்றாங்களோ அவங்க. டாக்ஸ் துறையான ஐஆர்எஸ்லேர்ந்து டாக்ஸ் விவரத்தை எடுத்துக்க சம்மதம் கேக்கும், அதுக்கு கட்டாயம் ஓகே குடுக்கணும், குடுக்கலன்னா ஃபெடரல் எய்ட் ஒரு டாலர்கூட வராது, டாக்ஸ் ஃபைல் பண்ணாதவங்களும் இந்த சம்மதம் குடுத்தே ஆகணும். 20 காலேஜ் வரைக்கும் சேர்க்கலாம். கடைசியில ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். பிள்ளை முடிச்சாச்சுன்னு நெனச்சுட்டு பெத்தவர் கையெழுத்து போடாமலே கிடக்கிற ஃபார்ம் எக்கச்சக்கம், ரெண்டு நாள் கழிச்சு உள்ள போய் ஸ்டேட்டஸ் பாருங்க.

முடிஞ்சதும் எஸ்ஏஐன்னு ஒரு நம்பர் வரும், ஸ்டூடண்ட் எய்ட் இண்டெக்ஸ். இது நீங்க கட்ட வேண்டிய தொகை இல்ல, காலேஜ் தேவையைக் கணக்கு போட வச்சுக்கிற எண், மைனஸ் 1,500 வரைக்கும்கூட போகும். 2024-25லேர்ந்துதான் இந்த முறை. முன்னாடி ரெண்டு பிள்ளைங்க ஒரே நேரத்துல காலேஜ்ல இருந்தா பாதியா பிரிப்பாங்க, இப்போ ஃபெடரல் கணக்குல அது போயிடுச்சு. இரட்டைப் பிள்ளைங்க இருக்க வீட்டுக்கு இது பெரிய அடி, காலேஜ்கிட்ட தனியா எழுதிக் கேளுங்க, தங்களோட சொந்தக் காசுல குடுக்கிறப்போ அதை பாக்குற காலேஜ் இருக்கு.

வெரிஃபிகேஷனுக்கு (ஃபார்ம்ல சொன்னதை பேப்பரோட சரிபாக்குறது) செலக்ட் ஆயிட்டீங்கன்னு மெயில் வந்தா பயப்பட வேண்டாம், தப்பு பண்ணதா அர்த்தம் இல்ல. கேக்குற பேப்பரை அந்த வாரமே அப்லோட் பண்ணிடுங்க, அதுவரைக்கும் எய்ட் நகராது.

சிஎஸ்எஸ் புரொஃபைல்

காலேஜ் தன்னோட சொந்தக் காசுல எய்ட் குடுக்குறதுக்காக பாக்குற இன்னொரு ஃபார்ம் இது, பல பிரைவேட் காலேஜ்களும் சில ஸ்டேட் காலேஜ்களும் இதையும் கேப்பாங்க, காலேஜ் போர்டு நடத்துறது. முதல் காலேஜுக்கு 25 டாலர், அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் 16. வருமானம் 1,00,000 டாலர் வரைக்கும் உள்ள குடும்பத்துக்கு இலவசம். இதுல கேள்வி ஆழமா போகும், குடியிருக்க வீட்டு ஈக்விட்டியும் (வீட்டு மதிப்புல லோன் பாக்கி போக மிச்சம்) கேப்பாங்க. ஆனா இதுல விளக்கம் எழுத இடம் இருக்கு, அதை காலியா விடாதீங்க. ஊர்ல அப்பா அம்மாவுக்கு மாசாமாசம் அனுப்புற காசு, அவங்க ஆஸ்பத்திரி செலவு, இதையெல்லாம் நம்பரோட அங்க எழுதுங்க. எழுதினா குறைச்சுடுவாங்கன்னு உத்தரவாதம் இல்ல, எழுதலன்னா அவங்களுக்குத் தெரியவே போறதில்ல.

அப்ளை பண்றதுக்கு முன்னாடியே ஒவ்வொரு காலேஜ் சைட்லயும், எய்ட் போக உங்களுக்கு எவ்ளோ ஆகும்னு காட்டுற நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும், சட்டப்படி வச்சே ஆகணும். வருமானத்தைப் போட்டு பாருங்க. எம்ஐடியும் ஹார்வர்டும் 2025லேர்ந்து, வழக்கமான சொத்து உள்ள குடும்பமா இருந்து வருமானம் 2,00,000 டாலருக்குள்ள இருந்தா ட்யூஷன் வாங்குறதில்ல, ஆக, காலேஜ் வெளிய போட்டிருக்க முழு ஃபீஸைப் பாத்து ஒரு காலேஜை லிஸ்ட்லேர்ந்து அடிக்காதீங்க.

ஆஃபர் லெட்டரை எப்படி படிக்கிறது

இங்கதான் நிதானம் வேணும். ஒரு உதாரணம் சொல்றேன். மொத்த செலவு 48,000 டாலர்னு மேல போட்டிருக்கும். கீழ, காலேஜ் ஸ்காலர்ஷிப் 20,000, சப்சிடைஸ்ட் லோன் 3,500, அன்சப்சிடைஸ்ட் லோன் 2,000, வொர்க் ஸ்டடி 2,500, பேரண்ட் பிளஸ் (பெத்தவங்க பேர்ல வாங்குற ஃபெடரல் லோன்) 20,000, கூட்டினா 48,000, "நீங்க கட்ட வேண்டிய பாக்கி பூஜ்யம்". வீட்டுல எல்லாரும் சந்தோஷப்பட்டுடுவாங்க. பேனா எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல இது யார் காசுன்னு எழுதுங்க. திருப்பித் தர வேண்டாதது 20,000 மட்டும்தான். மூணு லோனும் வட்டியோட நீங்களும் பிள்ளையும் கட்டணும். வொர்க் ஸ்டடி பிள்ளை கேம்பஸ்ல வேலை பாத்து சம்பாதிச்சாதான் வரும், செமஸ்டர் ஃபீஸுக்கு முன்கூட்டி கையில கிடைக்காது. ஆக இந்தக் காலேஜோட உண்மையான விலை வருஷத்துக்கு 28,000. இப்படி எல்லா காலேஜுக்கும் ஒரே ஷீட்ல போட்டாதான் ஒப்பிட முடியும், ஏன்னா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி அச்சடிக்கிறாங்க.

லோன் பத்தி சுருக்கமா: பிள்ளை பேர்ல ஃபெடரல் லோன் முதல் வருஷம் 5,500, ரெண்டாவது 6,500, அதுக்கப்புறம் 7,500, மொத்தம் 31,000 வரைக்கும். கிரெடிட் ஸ்கோரும் வேண்டாம், கோ-சைனரும் வேண்டாம். சப்சிடைஸ்ட்ல படிக்கிற வரைக்கும் வட்டி ஏறாது, அன்சப்சிடைஸ்ட்ல முதல் நாள்லேர்ந்து ஏறும். பேரண்ட் பிளஸ்க்கு பெத்தவர் சிட்டிசனாவோ கிரீன் கார்டு உள்ளவராவோ இருக்கணும், எச்1பி-க்கு கிடையாது. 2026 ஜூலை 1லேர்ந்து அதுல புதுசா வாங்குறவங்களுக்கு ஒரு பிள்ளைக்கு வருஷம் 20,000, மொத்தம் 65,000ன்னு உச்சவரம்பு வந்துடுச்சு. நாலு வருஷத்துக்கு 20,000 வச்சு பெருக்கினா 80,000, அந்த வித்தியாசத்தை இப்பவே யோசிச்சுக்கோங்க. பெல் கிராண்ட்ங்கிற ஃபெடரல் உதவித்தொகை குறைஞ்ச வருமானக் குடும்பங்களுக்கு, 2025-26ல அதிகபட்சம் 7,395 டாலர், திருப்பித் தர வேண்டாம்.

பத்தலன்னா கேளுங்க

நம்ம ஆளுங்களுக்கு இது வராது, கேட்டா கௌரவக் குறைச்சல்னு நெனப்பாங்க. இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. 2024ல ரெண்டு சம்பளம், 2026ல ஒருத்தருக்கு லேஆஃப், ஃபார்ம்ல தெரியுறது பழைய வருமானம். ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீசருக்கு அந்த நம்பரையே மாத்துற அதிகாரம் சட்டத்துலயே இருக்கு, புரொஃபஷனல் ஜட்ஜ்மெண்ட்னு சொல்வாங்க. ஒரு பக்க லெட்டர் போதும்: என்ன ஆச்சு, எந்த தேதில, அதனால வருஷ வருமானம் எவ்ளோவா குறைஞ்சுது, எவ்ளோ உதவி வேணும். கூட டெர்மினேஷன் லெட்டர், செவரன்ஸ் பேப்பர், கடைசி பே ஸ்டப், அன்எம்ப்ளாய்மெண்ட் ஸ்டேட்மெண்ட் வைங்க. மருத்துவச் செலவு, குடும்பத்துல சாவு, டிவோர்ஸ் இதுக்கும் கேக்கலாம். இதே தரத்துல இருக்க வேற காலேஜ் அதிகமா குடுத்திருந்தா அந்த ஆஃபரையும் மரியாதையா வச்சு கேளுங்க, மிரட்டுற தொனி வேண்டாம். பெரும்பாலான இடத்துல மே 1க்குள்ள முடிவு சொல்லணும், அதனால ஏப்ரல் முதல் வாரத்துலயே அனுப்பிடுங்க.

வெளி ஸ்காலர்ஷிப் கிடைச்சா காலேஜ்கிட்ட சொல்லியே ஆகணும். சொன்னா அவங்க குடுத்ததுல குறைக்கலாம், அப்போ "லோனையோ வொர்க் ஸ்டடியையோ முதல்ல குறைங்க, கிராண்ட்டை தொடாதீங்க"ன்னு கேளுங்க, நிறைய இடத்துல ஒத்துக்குவாங்க.

சேர்ந்ததுக்கு அப்புறம்

ஃபாஃப்ஸா ஒவ்வொரு வருஷமும் போடணும். முதல் வருஷம் அம்மா உக்காந்து போட்டிருப்பாங்க, ரெண்டாவது வருஷம் பிள்ளை ஹாஸ்டல்ல, யாருக்கும் ஞாபகம் இருக்காது. அக்டோபர் 1க்கு ரெண்டு போன்லயும் ரிமைண்டர் வச்சுடுங்க.

அடுத்தது எஸ்ஏபி, சேட்டிஸ்ஃபாக்டரி அகாடமிக் புரோகிரஸ். நிறைய பேருக்கு எய்ட் போறது இதுலதான், அதுவும் சத்தமே இல்லாம. மூணு விஷயம் பாப்பாங்க. ஜிபிஏ, பொதுவா 2.0. அப்புறம் எடுத்த கிரெடிட்ல (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள புள்ளி) எத்தனை முடிச்சீங்க, பொதுவா 67%. அப்புறம் டிகிரிக்கு வேண்டிய கிரெடிட்ல 150%க்குள்ள முடிக்கணும், 120 கிரெடிட் டிகிரின்னா 180. நடுவுல உள்ளதுதான் ஆளைக் கவுக்கும். பிள்ளை வருஷத்துக்கு 30 கிரெடிட் எடுக்குது, நாலு கிரெடிட் கெமிஸ்ட்ரி கஷ்டமா இருக்குன்னு டபிள்யூ (வித்ட்ரா, பாதில விட்டதுக்கான குறி) வாங்கி வெளிய வருது, ஜிபிஏ-வுக்கு ஒண்ணும் ஆகல. இன்னொரு மூணு கிரெடிட் அதே மாதிரி. ஒரு நாலு கிரெடிட் ஃபெயில். முடிச்சது 19, 30ல 19ன்னா 63%, போச்சு. டபிள்யூ-ங்கிறது ஜிபிஏ-வைத் தொடாது, ஆனா இந்தக் கணக்குல எடுத்து முடிக்காததா நிக்கும். அதனால கோர்ஸை விடுறதுக்கு முன்னாடி அட்வைசரை மட்டும் பாத்தா போதாது, எய்ட் ஆபீஸுக்கும் ஒரு மெயில் போடணும், "இதை விட்டா என் எய்ட் என்ன ஆகும்"னு. ஆட்/டிராப் தேதிக்குள்ள விட்டா டபிள்யூ-வே விழாது, அந்தத் தேதி தெரிஞ்சிருக்கணும். 12 கிரெடிட்டுக்குக் கீழ போனா ஃபுல் டைம் இல்ல, காலேஜ் ஸ்காலர்ஷிப் அங்கேயே நிக்கலாம். 6க்குக் கீழ போனா ஃபெடரல் லோனும் கிடையாது. மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு தனியா 3.0, 3.5னு இருக்கும், அந்த லெட்டரை எடுத்து படிச்சு பாருங்க.

எய்ட் நின்னுடுச்சுன்னு மெயில் வந்தாலும் அப்பீல் பண்ண வழி வச்சிருக்க காலேஜ் நிறைய. உடம்பு சரியில்ல, மன அழுத்தம், வீட்டுல ஒரு இழப்பு, எதுவோ அதை டாக்டர் லெட்டரோட எழுதணும், அடுத்த செமஸ்டர் என்ன மாத்திக்கப் போறோம்னும் எழுதணும். இந்த மாதிரி நேரத்துல பிள்ளைங்க வீட்டுக்கு சொல்ல பயந்துக்கிட்டு மெயிலையே திறக்க மாட்டாங்க. மார்க் குறைஞ்சா திட்டு விழாது, கூட உக்காந்து அப்பீல் எழுதலாம்னு முன்னாடியே சொல்லி வைங்க, அந்த ஒரு வார்த்தை எவ்வளவோ காசைக் காப்பாத்தும், பிள்ளையையும்.

செமஸ்டர் நடுவுல மொத்தமா விலகினா இன்னொரு விதி. செமஸ்டர்ல 60% தாண்டினாதான் முழு ஃபெடரல் எய்டும் உங்களோடது. 15 வாரத்துல 6 வாரத்துலயே வந்துட்டா 40% மட்டும், 6,000 டாலர் எய்ட்ல 2,400 நிக்கும், மிச்சம் திரும்பிப் போகும், அந்தப் பள்ளத்துக்கு காலேஜ் பில் அனுப்பும். 60% எந்தத் தேதில வருதுன்னு எய்ட் ஆபீஸ்ல கேட்டா சொல்லிடுவாங்க, ஒரு வாரம் தள்ளி விலகினா போதும்ங்கிற நிலைமைகூட இருக்கலாம்.

டாக்ஸ் நேரத்துல ரெண்டு விஷயம். ஸ்காலர்ஷிப் காசு ட்யூஷன், ஃபீஸ், புக்குக்கு போனா டாக்ஸ் இல்ல, தங்குறதுக்கும் சாப்பாட்டுக்கும் போனா பிள்ளைக்கு அது வருமானம். நீங்க கட்டின ட்யூஷனுக்கு, டாக்ஸ்ல கழிச்சுக்கிற அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட் வருஷம் 2,500 டாலர் வரைக்கும் உண்டு, சேர்ந்து ஃபைல் பண்றவங்களுக்கு வருமானம் 1,60,000 தாண்டினா குறைய ஆரம்பிச்சு 1,80,000ல நின்னுடும்.

கடைசி செமஸ்டர்ல லோன் வாங்கின பிள்ளை எக்ஸிட் கவுன்சிலிங் முடிக்கணும், ஆன்லைன்தான். படிப்பு முடிஞ்சதும் ஆறு மாசம் டைம், அதுக்கப்புறம் மாசக் கட்டணம் ஆரம்பிக்கும். 2026 ஜூலை 1லேர்ந்து வாங்குற லோனுக்கு ஸ்டாண்டர்ட் பிளான், வருமானத்தைப் பாத்து கட்டுற ரீபேமெண்ட் அசிஸ்டன்ஸ் பிளான்னு ரெண்டு வழிதான். பட்டம் வாங்குற வாரத்துலயே ஸ்டூடண்ட்எய்ட் அக்கவுண்ட்லயும் லோனை வசூலிக்கிற கம்பெனியான லோன் சர்வீசர் அக்கவுண்ட்லயும் காலேஜ் ஈமெயிலை எடுத்துட்டு சொந்த ஈமெயில், புது அட்ரஸ், போன் நம்பர் எல்லாத்தையும் போட்டுடுங்க. காலேஜ் மெயிலை எப்போ வேணா மூடிடலாம், முதல் பில் அங்க போய் உக்காந்துச்சுன்னா டியூ தேதி தாண்டுறது யாருக்கும் தெரியாது.